அறுபத்துமூவர் அன்று நான் தொலைந்துபோனது

பரீட்சையில் மூன்றாவது தடவையாவது தேறிவிட்டால், மயிலாப்பூர் போய் அறுபத்துமூன்று நாயன்மார்களையும் ஒருசேரத் தரிசிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். தேறினேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலையும் கிடைத்தது. அதற்குமேல் வேண்டுதலைத் தள்ளிப்போட முடியாமல், முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம் ரயிலேறினேன். அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு.

எழும்பூரில் இறங்கி, டிராம் பிடித்து மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. குளத்தைச் சுற்றி ஒரே தலைகள். மஞ்சள் பட்டை அணிந்த தொண்டர் ஒருவர் எதிரே வந்தார். "கிழக்கு மாடவீதிக்கு எப்படிங்க போறது? எனக்கு வழி தெரியலை" என்றேன்.

வழி தெரியவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. அவர் என் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார். "பயப்படாதீங்கோ, நாங்க இருக்கோம்" என்று சொல்லி, காணாமற்போனவர்களுக்கென்று போட்டிருந்த ஒரு கீற்றுப் பந்தலுக்கு இழுத்துப் போனார்.

அங்கே மேசைக்குப் பின்னால் தொண்டர் சபையின் காரியதரிசி உட்கார்ந்திருந்தார். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பது அவர் பேனாவைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது.

"அழுதாரா?" என்று தொண்டரிடம் கேட்டார்.

"இன்னும் இல்லை."

"சார், நான் தொலைஞ்சுபோகலை. வழி கேட்டேன், அவ்வளவுதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றா. உம்மோட வந்தவா யாரு?"

"யாரும் இல்லை. தனியா வந்தேன்."

பேனா நின்றது. "அப்போ உம்மை யாரு வந்து அழைச்சுண்டு போவா? இது சாதாரணமாத் தொலைஞ்சதைவிட மோசமான்னா இருக்கு!" என்று பதிவேட்டில் என் அங்க அடையாளங்களை எழுதிக்கொண்டார். உறவினர் யாராவது கையெழுத்துப் போட்டால்தான் விடுவதென்பது சபையின் விதி.

தொண்டர் ஒருவர் தகரக் குழலை வாயில் வைத்துத் தெருவைப் பார்த்துக் கூவினார். "வயது இருபத்தெட்டு! மீசை உண்டு! கையில் குடை! மிரண்ட பார்வை! உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளவும்!"

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். அதில் ஒரு மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவன் இல்லை. எங்காத்துப் பிள்ளை லட்சணமா இருப்பான்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில், சாந்தோம் கரையில் மீன் விற்கும் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கூந்தல் நிறையக் கதம்பம்.

"இன்னா நைனா, உன்னியும் புடிச்சிட்டாங்களா? நான் எங்கூட்டுக்காரரைக் காணோம்னு சொல்ல வந்தேன். புருசன் தொலைய மாட்டான், பொஞ்சாதிதான் தொலைவான்னு என்னை எழுதிக்கினு குந்த வச்சிட்டாரு இந்த ஐயரு."

தெருக்கோடியில் நாகசுரம் கேட்டது. பல்லக்குகள் மாடவீதிக்குள் திரும்பிவிட்டன. என் வேண்டுதல் ஐம்பது கெஜ தூரத்தில் கடந்துபோய்க்கொண்டிருந்தது. நான் பெஞ்சில் நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் திடீரென்று எழுந்தாள். "ஐயரே! இது என் தம்பி. நான் இட்டுக்கினு போறேன்."

காரியதரிசி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அக்கா சாந்தோம், தம்பி தஞ்சாவூரா?"

"என்னை இங்க கட்டிக் குடுத்துட்டாங்க."

அதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் வேறொரு சிக்கல். "நீயே தொலைஞ்சவ. தொலைஞ்சவா எப்படி இன்னொருத்தரைக் கண்டுபிடிக்க முடியும்? முதல்ல உன்னை யாராவது அழைச்சுண்டு போகணும்."

"நான் அழைச்சுக்கிட்டுப் போறேன்" என்றேன்.

"நீரும் தொலைஞ்சவர்தானே, ஓய்!"

கணக்கு வாத்தியார் மூளை அப்போதுதான் வேலை செய்தது. "சார், ரெண்டு பேரும் ஒரே சமயத்துல ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சா?"

காரியதரிசி விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். விதியில் அதற்குத் தடை இல்லை. என் கையில் பேனாவைக் கொடுத்தார். அவள் கட்டைவிரலில் மை தடவினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவர் சொன்னதும் நான் கையெழுத்திட்டேன். அவள் ரேகை வைத்தாள். வெளியே வந்தோம்.

"வழி வுடு! தொலைஞ்ச புள்ள வருது!" என்று மீன் கூவும் குரலில் கத்திக்கொண்டே என்னை இழுத்துப் போனாள். கூட்டம் பரிதாபப்பட்டு ஒதுங்கியது. முன்வரிசைக்கே வந்துவிட்டேன். ஒவ்வொரு பல்லக்கிலும் நாலைந்து நாயன்மார்கள், கைகூப்பியபடி, வெயிலில் மின்னிக்கொண்டு வந்தார்கள். எண்ணத் தொடங்கியவன் முப்பத்தெட்டில் விட்டுவிட்டேன். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. பக்கத்தில் என் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது தகரக் குழல் மறுபடி கூவியது. "வயது நாற்பத்தைந்து! சட்டை இல்லை! மனைவியைத் தேடி வந்தவர்! உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளவும்!"

"எங்கூட்டுக்காரரு!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கெடக்கட்டும். சாமியெல்லாம் போவட்டும்."

கடைசிப் பல்லக்கும் போன பிறகுதான் பந்தலுக்குத் திரும்பினோம். மனைவியின் ரேகை மட்டும் போதாது, ஆண் உறவு ஒருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் காரியதரிசி. மைத்துனன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் புருஷன் என்னை உற்றுப் பார்த்தார்.

"இது யாரு?"

"என் தம்பி."

"எப்பத்துலேர்ந்து?"

"மூணு மணிலேர்ந்து."

அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "வா மச்சி" என்று என் தோளில் கை போட்டார்.

முதல்முறை வந்த தம்பியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று குப்பத்து வீட்டுக்கே கூட்டிப் போனார்கள். வேண்டுதல் முடிந்து ஊர் போய்ச் சேரும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று விரதம் இருப்பதைச் சொல்லிப் பார்த்தேன். "ஊருக்குப் போயே துண்ணு" என்று தென்னோலையில் வஞ்சிரக் கருவாட்டைக் கட்டிக் கையில் திணித்தாள் அக்கா.

திரும்பும் டிராமில் திருவிழாக் கூட்டம் பிதுங்கியது. நெற்றி நிறைய விபூதியோடு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்துக்குள் என்னைச் சுற்றி நாலு இருக்கைகள் காலியாகிவிட்டன. எழும்பூர் வரை காலை நீட்டிக்கொண்டு வந்தேன்.