அளவெடுக்கும் நாளுக்குத் தயாரான கை

1. அம்மாவின் இடது மார்பகத்தில் புற்றுநோய். மார்பகத்தையும் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார்கள்.
2. கதிர்ச் சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடத்தில் இடக்கை வீங்கத் தொடங்கியது. நோய் திரும்பவில்லை. வடிய வழியில்லாமல் நிணநீர் தேங்கியிருந்தது.
3. அம்மா வேலைக்குப் போவதை நிறுத்தினார்.
4. அந்த நீருக்கு வழி செய்யும் சத்திரசிகிச்சைக்குக் கண்டியில் ஒரு பெண் மருத்துவர் அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டார்.
5. அதற்கு முன் கையின் வீக்கத்தை அளந்த கடைசி அளவெடுப்பில் அந்தப் பெயர் வெட்டுப்படப் பார்த்தது.

ஐந்தாவதற்குக் காரணம் அம்மாவின் தொழில். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். தோட்டத்தை நடத்தும் துரை பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாளே தரை கழுவி, தொட்டில் சேலை துவைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் தலை வாரிவிடுவார். அளவெடுப்புக்கும் அப்படியே. மூன்று நாட்கள் கையில் கட்டுத்துணியை இறுக்கிச் சுற்றி, தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறார். வார நாட்களில் கண்டியில் தங்கி, ஆடைத் தொழிற்சாலையில் தையலின் தரம் பார்க்கும் எனக்கு இது தெரியாது.

மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர். நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு, "வீக்கம் நல்லா வத்தியிருக்கு. இப்ப ஒபரேஷன் தேவையில்லைப் போல கிடக்கு" என்றார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவின் இரு கைகளிலும் அதே ஐந்து இடங்களில் நான் அளந்து எழுதிய பட்டியல் போனில் இருந்தது. நீட்டினேன். நான்கு நாட்களுக்கு முன் இடது முன்னங்கை வலதைவிட நான்கு சென்டிமீட்டர் கூடுதல். அவர் வரிவரியாகப் படித்தார்.

"நாலு நாளில எப்பிடியம்மா இவ்வளவு வத்தினது?"

"டாக்டர் பாக்குற நேரம் அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு இறுக்கிக் கட்டி வச்சேங்க."

"எம்மா, காம்பரா பாக்க தொரை வர்றாருன்னு நெனச்சியா?" என்றேன்.

"நீ சும்மா இரு புள்ள."

மருத்துவர் சிரித்துவிட்டார். "நான் பாக்க வேண்டியதே அந்த அசிங்கத்தைத்தான். இனி எனக்காகக் கூட்டித் துடைச்சு வைக்காதேங்கோ."

"அதுக்காக குளிக்காம வரவாங்க?"

அடுத்த கிழமை கட்டுத்துணி இல்லாமல், வீக்கத்துக்காக வழக்கமாகக் கையில் போடும் இறுக்க உறையோடு மட்டும் வரச் சொன்னார். மறுபடி அளந்தார். பெயர் பட்டியலில் நின்றது.

சத்திரசிகிச்சையன்று விரல்களுக்கிடையே பச்சைச் சாயம் ஏற்றி, நிணநீர்க் குழாய்கள் ஓடும் இடங்களைக் கெமராவில் கண்டுபிடித்தார்கள். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் நான்கு குழாய்களைப் பக்கத்திலிருந்த சிறு இரத்த நாளங்களோடு தைத்தார்கள். அதன் படப்பதிவை மருத்துவர் பிறகு எனக்குக் காட்டினார். நாள் முழுவதும் தையலில் குறை கண்டுபிடிப்பவள் நான். தலைமயிரைவிட மெல்லிய நூலில் போட்ட அந்தத் தையலில் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். கை நடுங்காதா என்று கேட்டேன். "ஒபரேஷன் செய்யிற அண்டைக்குக் காலமை தேத்தண்ணி குடிக்கிறேல்ல" என்றார், அவ்வளவுதான்.

சத்திரசிகிச்சை முடிந்து இப்போது ஒன்பது மாதம். இரு முன்னங்கைகளுக்கும் வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர். பகலில் உறை இன்னும் வேண்டும். அம்மா காம்பராவுக்குத் திரும்பிவிட்டார். உட்கார்ந்தபடி குழந்தைகளை மடியில் வாங்குகிறார். நின்று தூக்க இன்னும் மருத்துவரின் அனுமதி கிடைக்கவில்லை.