தொடாமல் திருத்திய கணக்கு

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியாருக்குக் கையில் பிரம்பாவது உண்டு. வாத்தியார்களுக்கே பாடம் சொல்லப்போகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். ரப்பர் விலை விழுந்த காலத்தில் பினாங்கில் எனக்கு வாய்த்த உத்தியோகம் அது. சனிக்கிழமைதோறும் தோட்டத்துப் பள்ளி வாத்தியார்களைக் கூட்டிவைத்து, சாதி பார்க்காமல் வகுப்பு நடத்துவது எப்படி என்று சொல்லித்தர வேண்டும். இதே மாதிரி வயிறெரிந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என்னோடு சேர்ந்து கொஞ்சம் எரியுங்கள்.

பானை

முதல் சனிக்கிழமை வகுப்பறை மூலையில் ஒரு பானைத் தண்ணீரும் குவளையும் வைத்தேன். முதலில் எழுந்துபோய்க் குடித்தவர் முனியாண்டி. பாகான் டாலாமிலிருந்து வருகிறவர், சேரிப் பிள்ளைகளுக்கென்று நடந்த பள்ளியில் படித்து வாத்தியாரானவர். அதற்குப் பிறகு மத்தியானம் வரை ஒருவருக்கும் தாகம் எடுக்கவில்லை.

இடைவேளையில் பார்த்தால் அத்தனை பேரும் எதிரே மரைக்காயர் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடைக் குவளையில் சீனன், மலாய்க்காரன், வண்டி இழுப்பவன் என்று ஊரே வாய் வைக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் சிவகுருவிடம் இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் நிதானமாக ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

“கடைக் கோப்பிக்குத் தீட்டு இல்ல லா சார், பானைத் தண்ணிக்குத்தான் உண்டு.”

மண்டுகள்

இன்னொரு வாரம், அவரவர் வகுப்பில் படிப்பு ஏறாத பிள்ளைகளின் பெயரை எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும், அந்தப் பிள்ளை எங்கே உட்காருகிறது என்று பக்கத்தில் குறிக்கச் சொன்னேன். எல்லாத் தாளிலும் ஒரே பதில்: பின்வரிசை, தரையில்.

சிவகுருவின் தாளில் முதல் பெயர் அஞ்சலை. பத்து வயதுப் பெண். ‘கணக்கு வராது. அடுத்த மாதம் புல்வெட்டுக்கு அனுப்பலாம்’ என்று எழுதியிருந்தார். கங்காணியும் ஆள் கேட்டுக்கொண்டிருந்தாராம். எப்போது பின்வரிசைக்கு அனுப்பினீர்கள் என்றேன். பள்ளியில் சேர்த்த அன்றைக்கே என்றார். ஓர் எழுத்துகூட எழுதிக் காட்டாத பிள்ளையை எப்படி ஐயா கண்டுபிடித்தீர் என்றேன்.

“அதுங்க அப்பன் பேரைக் கேட்டாலே தெரிஞ்சிடும், சார்.”

எனக்கும் விழுந்தது

அன்று ஆத்திரம் தாங்காமல் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினேன். வகுப்பு கலைந்ததும் முனியாண்டி மட்டும் நின்றார். பாராட்டத்தான் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தலை குனிந்தபடி மெதுவாகச் சொன்னார்:

“எல்லாரையும் வாத்தியாரேன்னு கூப்பிடுறீங்க, என்னை மட்டும் முனியாண்டின்னு கூப்பிடுறீங்க, சார்.”

ஆறும் ஒன்பதும்

அஞ்சலை விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. மாதம் முடியுமுன் கப்பலேறி அக்கரையில் பிறை ஊருக்குப் போய், அங்கிருந்து ரயில் பிடித்து அந்தத் தோட்டத்துக்குப் போனேன். சிவகுரு மனக்கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். சிலேட்டில் விடையை மட்டும் எழுதிக் காட்ட வேண்டும். முன்வரிசைப் பிள்ளைகள் சிலேட்டை அவர் கையில் கொடுத்தார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் அதைத் தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றார்கள். அவர் எதிர்ப்பக்கம் நின்று, தொடாமல், குனியாமல் பார்த்துச் சொன்னார்.

பதினெட்டில் பாதி எவ்வளவு என்று கேட்டார். அஞ்சலை எழுதி வைத்தாள். ஆறு, தப்பு என்றார். மூவிரண்டு எவ்வளவு? ஒன்பது, தப்பு. ஏழு வந்தபோது, எண்ணே எழுதத் தெரியவில்லை என்றார். நான் அவள் பக்கம் போய் நின்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இவர்தான் வருஷக்கணக்காகத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். தொட்டுத் திருப்பியிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அந்த ஒரு நொடியை மிச்சம் பிடிக்க, ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்தி அரிவாள் பிடிக்க அனுப்பப் பார்த்த மனிதரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

நீ ஏனம்மா வாய் திறக்கவில்லை என்று அவளைக் கேட்டேன். வாத்தியாருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டாளாம். சிலேட்டை நானே கையில் வாங்கிப் பத்துக் கணக்குக் கேட்டேன், ஒன்பது சரி. கையோடு கொண்டுபோயிருந்த அவர் தாளில் புல்வெட்டு என்றிருந்த வரியை என் பேனாவாலேயே அடித்துவிட்டு, சிவகுருவைப் பார்த்தேன். அவருக்கு நிஜமாகவே வருத்தம்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்தார்.

“இனிமே சிலேட்டை என் பக்கமாத் திருப்பி வைக்கச் சொல்லிடறேன், சார்.”

அஞ்சலை அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். நான் அத்தனை சனிக்கிழமையும் தொண்டை கிழியக் கத்தியதில் அவள் வாத்தியார் கற்றுக்கொண்டது, சிலேட்டை எந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றைத்தான்.