பத்தாயிரத்தில் ஆறு பேர்

கோர்ட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வக்கீலிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் ஸ்டெனோ அம்மா. சாட்சி திக்கினாலும் திணறினாலும் அழுதாலும், அவளுடைய பென்சில் மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேலையில் ஒரே ஒரு தொல்லை, விசாரணை நடக்கும்போது நடுவில் எழுந்திருக்க முடியாது.

நாற்பது வயதில் அவளுக்கு வயிறு மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டு தடவை. கழிவறை தாழ்வாரத்தின் மறுகோடியில், பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கிய அறையைத் தாண்டி இருந்தது. காலையில் பட்டினி கிடந்து வேலைக்கு வந்தாள். மாற்றுத் துணி ஒன்று கைப்பையிலேயே இருந்தது. ஒருமுறை குறுக்கு விசாரணை சூடு பிடித்த நேரத்தில் கையைத் தூக்கிவிட்டாள். நீதிபதி மூக்குக் கண்ணாடியை இறக்கி, "ஸ்டெனோ அம்மாவுக்கு வயிறா, அலாரமா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டுத்தான் ஓடினாள்.

ஒரு டாக்டர் அல்சர் என்றார், இன்னொருவர் மனக்கவலை என்றார். இரண்டு வருஷம் இப்படி அலைந்து, ஐம்பத்தெட்டு கிலோ நாற்பத்து நாலாகத் தேய்ந்த பிறகுதான் ஒரு குடல் டாக்டரம்மா உள்ளே குழாய் விட்டுப் பார்த்து நோய்க்குப் பெயர் சொன்னாள். குரோன்ஸ். "உங்க உடம்பே உங்க குடலை எதிரின்னு நினைச்சு அடிச்சிட்டிருக்கு."

முதலில் கொடுத்தது ஸ்டீராய்டு மாத்திரை. பத்தே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. முகம் உப்பியது. "நல்லா பூசினாப்ல இருக்கீங்களே!" என்று வக்கீல்கள் கேலி செய்தார்கள். ஆனால் டாக்டரம்மா அடுத்த தடவையே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இது நெருப்பை அணைக்கிற தண்ணி மாதிரி. அதுக்காக வருஷம் பூரா வீட்டுக்குள்ள தண்ணியை ஊத்திட்டே இருக்க முடியாது. எலும்பு அரிச்சிடும், சர்க்கரை ஏறிடும். இனிமே ஊசிக்கு மாறணும்."

"அதுல ஆபத்து இல்லையா டாக்டர்?"

"இருக்கு. நோய் எதிர்ப்பு குறையும். டி.பி. உள்ள ஒளிஞ்சிருந்தா வெளிய வரலாம், அதனால முன்னாடியே டெஸ்ட் எடுப்போம். கழுத்துல நெறி கட்டுற மாதிரி ஆரம்பிக்கிற ஒரு வகை ரத்தப் புற்றுநோயும் இருக்கு. சாதாரணமா வருஷத்துக்குப் பத்தாயிரத்துல ரெண்டு பேருக்கு அது வருதுன்னா, இந்த மருந்து எடுக்கிறவங்கள்ல ஆறு பேருக்கு வரலாம். ஆனா நோயைச் சும்மா விட்டா, பத்து வருஷத்துல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் குடலை வெட்டவேண்டி வரும்."

ஒரு வார்த்தை விடாமல் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டாள். சாயங்காலம் கணவருக்கு அதை அப்படியே படித்துக் காட்டினாள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்துகிறவர்.

"புற்றுநோய்னு ஒரு வார்த்தை வந்துடுச்சில்ல? அதுக்கு மேல என்ன படிக்கிறே?"

"பத்தாயிரத்துல ஆறு பேர்தாங்க."

"அந்த ஆறுல ஒண்ணு நீயா இருந்தா?"

"அந்தப் பக்கம் பாதிப் பேருன்னு சொல்றாங்களே. அதுல நான் இருந்தா?"

"அது என்னைக்கோ வர்றது. இப்பதான் நல்லா இருக்கியே, எதுக்கு இந்த விஷப்பரீட்சை?"

அவள் நோட்டை மூடினாள். உண்மையைச் சொன்னால், யாராவது வேண்டாம் என்று சொல்லமாட்டார்களா என்றுதான் அவளும் காத்திருந்தாள். பயம் அவளுடையது, வாய் அவருடையது.

அவரிடம் படித்த பையன் ஒருவன் மருந்துக்கடை வைத்திருந்தான். பழைய சீட்டைக் காட்டினால் ஸ்டீராய்டு கிடைத்தது. குறைத்தால் வலி வந்தது, கூட்டினால் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை போன் வந்தும் அவள் எடுக்கவில்லை. எட்டு மாதம் இப்படி ஓடியது. மேலே மாத்திரை சமாதானம் பேசிக்கொண்டிருக்க, உள்ளே குடல் புண்ணாகித் தழும்பாகிச் சுருங்கிக்கொண்டு வந்தது. சாப்பிட்டால் வயிறு கல் மாதிரி ஆனது. பிறகு வாந்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை, பாகப்பிரிவினை வழக்கில் அண்ணன்காரன் கூண்டில் நின்று தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பென்சில் நின்றது. நீதிபதி திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் மேஜையோடு சரிந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தபோது குடலில் அடைப்பும் ஓட்டையும் சேர்ந்திருந்தன. நாற்பது சென்டிமீட்டர் குடலை எடுத்துவிட்டு, மலம் வெளியேற வயிற்றில் துளை போட்டுப் பை கட்டினார்கள். நாலு மாதம் கழித்து மறுபடி திறந்து சேர்ப்பதாகச் சொன்னார்கள்.

டாக்டரம்மா வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். திட்டவில்லை. "ஊசி போட்டிருந்தா இது வந்தே இருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வாய்ப்பு குறைஞ்சிருக்கும்."

ஜன்னலோரம் நின்ற கணக்கு வாத்தியார் பெருமூச்சு விட்டார். "நான் அப்பவே சொன்னேன் டாக்டர். இவதான் பயந்துட்டா."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். மனுஷர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று மனதார நம்பிக்கொண்டிருந்தார். பொய்யாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"டாக்டர், டி.பி. டெஸ்ட் எப்ப எடுக்கலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

காயம் ஆறியதும் சம்மதப் படிவம் வந்தது, நாலு பக்கம். ஒவ்வொரு வரியையும் படித்தாள். அதே ஆறு பேர், அதே பத்தாயிரம். கணவர் பேனாவை எடுத்தபோது, நர்ஸ் "அவங்கதான் சார் போடணும்" என்று காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

ஊசி வேலை செய்கிறது. பையை எடுத்தாயிற்று. முதல் வருஷத்திலேயே நிமோனியா வந்து மூன்று வாரம் படுத்தாள். கணவர் வாசற்படியில் நின்று, "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றார். எதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. கழுத்தில் சின்னக் கட்டி தட்டுப்பட்டாலும் கண்ணாடி முன் நின்று தடவிப் பார்க்கிறாள். அந்தப் பயம் போகவில்லை. போகும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

அவளை நகல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், ஆனால் எழவேண்டிய அவசியம் இப்போது இல்லை. விசாரணைக் கூடத்தில் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி. போன தடவை, "நானும் கூட வரட்டுமா?" என்று கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"வேண்டாங்க. வழி எனக்குத் தெரியும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.