மெழுகு உருகாத பெட்டி

முதல் சோதனையிலேயே எங்கள் பெட்டி தோற்றது. வடசேரியில் ஒரு மாடியில் நடந்த எங்கள் கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். முதலாளி டேவிட்சன் சார், பெட்டிகளைச் செய்கிற ஸ்டெல்லா, கம்ப்யூட்டரில் சிமுலேஷன் போடுகிற நான். அன்று ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் சூப்பர்வைசர் சுயம்புவும் பார்க்க வந்திருந்தார்.

அவருக்கு ஒரு தொல்லை. காற்று பலமாக வீசும்போது காற்றாலை மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர் சூடேறி நின்றுவிடும். ஃபேன் வைத்தால் தூசி அடைத்துக்கொள்ளும். அதனால் ஃபேன் இல்லாமல் சூட்டை வாங்கும் பெட்டி கேட்டார். நாங்கள் செய்தது இப்படி: ஸ்பாஞ்ச் மாதிரித் துளைத்துளையான செம்பு நுரை, அதன் துளைகளில் மெழுகு, நடுவே ஹீட் பைப்புகள். ஹீட் பைப் என்றால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடிய செம்புக் குழாய். தண்ணீர் ஆவியாகிச் சூட்டைக் குழாயின் மறு முனைக்குக் கொண்டுபோகும். மிஞ்சுகிற சூட்டை விழுங்கி மெழுகு உருகும், காற்று தணிந்ததும் இறுகும்.

இந்த மூன்றையும் ஒரே சிமுலேஷனில் கொண்டுவர எனக்கு நான்கு மாதம் ஆனது. ஹீட் பைப் நொடிகளில் வேலை செய்யும்; மெழுகுக்கு மணிக்கணக்காகும். நுரையின் ஒவ்வொரு துளையையும் வரைந்தால் எங்கள் கம்ப்யூட்டர் தாங்காது என்பதால் சராசரிக் கணக்குப் போட்டேன். சூடு எழுபது டிகிரியைத் தாண்டாது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன்.

தாண்டியது. எண்பது, பிறகு தொண்ணூறு.

“ஆஃப் பண்ணு மக்கா,” என்றார் சார்.

சுயம்பு பெட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். “அடுப்பு கேட்டிருந்தா நல்ல அடுப்பாக்கும் இது. ஆடிக் காத்துக்கு முன்னே முடியலேன்னா நான் வேற ஆளைப் பாக்கணும் சார், கேட்டியளா.”

அடுத்த நாள் நான் ஒரு காரியம் செய்தேன். சிமுலேஷனில் நுரை சூட்டைக் கடத்தும் அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். திரையில் சூடு ஏறுவதைக் காட்டும் என் கோடு சோதனைக் கோட்டின் மேல் அப்படியே படிந்தது. வாங்கிய நுரை மட்டமானது என்று எழுதி முடித்துவிடலாம். ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, இந்த நம்பர் எங்கேருந்து வந்து? நுரை வாங்கினப்போ நாம அளந்தோம்லா?”

அளந்த நம்பரைத்தான் நான் மாற்றியிருந்தேன். அந்த ஃபைலை அவள் முன்னாலேயே அழித்தேன்.

பிறகு இருவருமாகப் பெட்டியை அறுத்தோம். மெழுகு பெரும்பாலும் உருகவே இல்லை. குழாயைச் சுற்றி மட்டும் நூலளவு வெள்ளை வளையம் தெரிந்தது.

“பைப்பு உள்ளே போறதுக்காக நுரையில ஓட்டையைக் கொஞ்சம் பெருசாப் போட்டேன். உன் டிராயிங்ல அப்பிடித்தான் இருந்து,” என்றாள்.

அந்த இடைவெளியில் மெழுகு போய் நிறைந்திருந்தது. மெழுகு சூட்டை லேசில் கடத்தாது. என் சிமுலேஷனில் குழாயும் நுரையும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன. அந்த வளையத்தைக் கணக்கில் சேர்த்தேன். அளந்த நம்பரைத் தொடவில்லை. சோதனையில் போலவே கோடு தொண்ணூறுக்குப் போய் நின்றது.

“சுயம்புகிட்டே நீயே சொல்லு,” என்று சார் போனை நீட்டினார்.

“அண்ணே, தப்பு என்மேலதான். நுரைமேல பழியப் போடப் பாத்தேன், அதுவும் தப்பு,” என்றேன். 

“சாமான் விக்க வந்தவன் எவனும் என்கிட்டே இப்பிடிச் சொன்னதில்ல பிள்ளே. பதினஞ்சு நாள் தாரேன்,” என்றார் சுயம்பு.

குறைந்த சூட்டில் உருகும் ஸோல்டர் பேஸ்ட் என்ற உலோகப் பசையை வைத்து ஸ்டெல்லா குழாயை நுரையோடு பற்றவைத்தாள். முதல் குழாய் சூடு கூடி, உள்ளே ஆவி முட்டி உப்பிப்போனது. அன்று அவள் மதியச் சோறு சாப்பிடவில்லை. இரண்டாவது உப்பாமல் ஒட்டிக்கொண்டது. மறு சோதனையில் சூடு அறுபதைத் தொட்டதும் கோடு மேலே ஏறாமல் படுத்துக்கொண்டது. மெழுகு உருகிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். ஆடி முழுக்க அந்த இன்வெர்ட்டர் சூட்டால் ஒருமுறையும் நிற்கவில்லை. சுயம்பு இன்னும் ஆறு பெட்டிக்குச் சொன்னார்.

கோடு பொருந்தினாலே கணக்கு சரி என்று நினைக்கும் இளம் பொறியாளர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்போதெல்லாம் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அளக்காமல் நானாக நினைத்துக்கொண்டவை எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஸ்டெல்லா பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் கேட்பாள்.

“ஏட்டி, இது அளந்தியா, நினைச்சியா?”

அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அனுப்புகிறேன்.