மூட்டைப்பூச்சிக்குப் படுத்தவர்

என் அக்காவின் கணவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மருந்துக்காரர் என்றால்தான் தெரியும். லாட்ஜ், விடுதி, சினிமாத் தியேட்டர் என்று மூட்டைப்பூச்சி குடியிருந்த இடமெல்லாம் போய், இருபத்திரண்டு வருஷம் முதுகில் தெளிப்பானைச் சுமந்து விஷமருந்து அடித்தார். அவர் வீட்டுக்குள் நுழையும் முன்பே அந்த வாடை நுழைந்துவிடும். அந்தச் சட்டைகளைக் கையால் துவைத்தவள் என் அக்கா.

அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போனபோது டாக்டர் இன்னதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லவில்லை. நான் சொன்னேன். "எங்க அக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுட்டீங்க" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில், பத்துப் பேர் பார்க்க, அத்தானின் முகத்துக்கு நேரே சொன்னேன். அதன் பிறகு ஒன்பது வருஷம் எங்களுக்குள் பேச்சு கிடையாது. நானும் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறேன் என்று காட்டிக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்றோடு அவர் விஷமருந்தை விட்டார். வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு நடையாய் நடந்து, அங்கே பூச்சிகளைப் பற்றிப் படித்த ஒரு அம்மாவிடம் வேறு வழி கற்றுக்கொண்டார். மண்ணில் தானாகவே இருக்கும் ஒரு வெள்ளைப் பூசணம். பூச்சியின் உடம்பில் ஒட்டி, உள்ளே முளைத்து, அதைக் கொல்வது. அதன் தூளை எண்ணெயில் குழைத்துத் துணிப்பட்டையில் தடவி, கட்டில் கால்களிலும் மெத்தை ஓரத்திலும் சுற்றிவிடுவார். ரத்தம் குடிக்க வரும் பூச்சி அதன் மேல் நடந்து, ஒட்டியதை இடுக்குக்குள் கொண்டுபோய் மற்றவற்றுக்கும் கொடுக்கும். ஒரு வாரத்தில் சாகும். முட்டையிலிருந்து பின்னால் வருவதும் சேர்ந்து ஒழிய மூன்று வாரம். ஒரே கஷ்டம், அத்தனை நாளும் கட்டிலில் ஒரு ஆள் படுக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பூச்சி எதற்கு வெளியே வரப்போகிறது? வாடிக்கைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அத்தானே போய்ப் படுத்துக்கொள்வார். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. பேசிக்கொண்டிருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

அக்காவால் படுத்தபடி மூச்சுவிட முடியாமல் போனபோது, சாய்ந்து உட்காரட்டும் என்று பழைய சாமான் கடையில் ஒரு நாற்காலி வாங்கி வந்தார். ஊருக்கெல்லாம் மூட்டைப்பூச்சி ஒழித்த மனிதர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. மாதம் முடிவதற்குள் அதிலிருந்த பூச்சி வீடு முழுக்கப் பரவிவிட்டது. மருந்து வாடை அக்காவுக்கு ஆகாது. பூசணத் தூளும் அவள் மூச்சுக்குள் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் துணிமணிகளைக் கொதிநீரில் போட்டெடுத்து, அவளை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அத்தான் தனியாகத் தங்கள் கட்டிலில் படுத்தார். மூன்று வாரம் கழித்து அறையைக் கழுவிக் காயவிட்டு அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு மாதமோ இரண்டு மாதமோதான் என்றார். அக்காவுக்கும் அது தெரியும். "என் வீட்டுல, என் ஜன்னல் பக்கத்துல கிடக்கணும்டா. வேற எதுவும் நான் கேக்கல" என்றாள். என் மனைவி அவளை ஒரு குறையும் இல்லாமல்தான் பார்த்துக்கொண்டாள். இருந்தாலும் அக்கா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அத்தான் தினமும் மத்தியானம் வருவார். கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாக இருக்கும். பூச்சிக்குத் தினமும் நல்ல விருந்து போல என்று அக்கா கேலி செய்வாள். மத்தியானம் சாப்பிட வந்திருக்கும் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

பதினைந்தாம் நாள், வீட்டில் விட்டுவந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி அக்கா சாவியைக் கொடுத்தாள். அத்தான் வெளியே போயிருந்தார். நான் பள்ளிக்கூடத்து அட்டெண்டர். பதினாலு வகுப்பறையைச் சுத்தமாக வைத்திருப்பவன், அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. கண்ணாடியைத் தேடி மெத்தையைத் தூக்கினேன். செத்த பூச்சிகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. கட்டில் கால்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு கந்தல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சு கெட்டவளை இந்தப் பூசணத்துக்குள்ளா கூட்டி வரப்போகிறார்? கந்தலையெல்லாம் பிய்த்துக் குப்பைத்தொட்டியில் எறிந்தேன். தரை, சுவர், கட்டில் என்று ஒன்று விடாமல் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். அக்காவிடம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும்போது அவளே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் அத்தான் வந்ததும், இன்னும் ஐந்து நாள்தானே என்று அக்கா கேட்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கலவையில நான் தப்புப் பண்ணிட்டேன். பூசணம் பூரா செத்துப்போச்சு. பூச்சிக் குஞ்செல்லாம் உசுரோட சுத்துது. மறுபடி முதல்லேர்ந்து செய்யணும். மூணு வாரம்."

சொல்லிவிட்டு ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். தண்ணீர் டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். என் விரல்களில் பினாயில் வாடை இன்னும் இருந்தது. நான் கழுவித் தள்ளியது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்கா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் ஒழுங்கா செஞ்சீங்க. எனக்குன்னு வரும்போதுதான் தப்பாப் போகுமா?" மூச்சு வாங்க வாங்கத் திட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

அதிலிருந்து பதினாறாம் நாள் காலையில் என் வீட்டு முன்னறையில் அக்கா இறந்துபோனாள். நான் கை வைக்காமல் இருந்திருந்தால் கடைசிப் பத்து நாளாவது அவள் தன் ஜன்னல் பக்கத்தில் இருந்திருப்பாள். முந்தின நாள் மத்தியானமும் அவரைத்தான் திட்டினாள்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு அத்தானைத் தேடிப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புதுத் துணிப்பட்டைகள் கட்டியது கட்டியபடியே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினேன்.

"அத்தான், தம்பிதான் செஞ்சான்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். கதவைத் திறந்ததும் பினாயில் வாடை அடிச்சுது. எனக்கும் கோவம் வந்துச்சு. உன்னை நாலு கேள்வி கேக்கணும்னுதான் மறுநாள் கிளம்பி வந்தேன்." கையில் இருந்த தடிப்பைத் தேய்த்துக்கொண்டார். "அவ உன்கூட சண்டை போட்டுட்டு எங்கப்பா போய்ப் படுப்பா? அன்னிக்கு அவளுக்கு உன் வீடு ஒண்ணுதானே இருந்துச்சு."