சவவண்டி நெரிஸின் சிவப்பு பைக்

ரையடர் என்ற சின்ன ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அதனால் ஆளின் தொழிலையும் சேர்த்துத்தான் கூப்பிடுவது. ரொட்டி டாய், தபால் எயர்லிஸ் என்ற வரிசையில் நெரிஸ் புரோபர்ட்டுக்குக் கிடைத்த பெயர் சவவண்டி நெரிஸ். அவள் அதற்காக வருத்தப்பட்டதே இல்லை. எம்ரிஸின் ஈமச்சடங்கு நிறுவனத்தில் கறுப்புக் கார் ஓட்டுவது அவள் வேலை. ஊரில் யார் கண்ணை மூடினாலும் தேவாலயம் வரைக்கும் கூட்டிப்போகிறவள் அவள்தான்.

அந்த வேலையில் வேகம் கூடாது. முதலாளி எம்ரிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால் நடப்பார். அவர் காலடிக்கு ஏற்றபடி அவள் உருட்டிக்கொண்டு போக வேண்டும். வருடக்கணக்காக அப்படி ஊர்ந்தவளுக்கு ஐம்பது தாண்டியதும் என்ன தோன்றியதோ, மோட்டார் சைக்கிள் பழகப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நெரிஸ் குள்ளம். பெரிய பைக்கில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கியது. பயிற்சியாளர் பார்த்துவிட்டு ஒரு சின்ன பைக்கைக் கொடுத்துத் தேர்வுக்கு அனுப்பினார். மூன்றாவது முறை தேறினாள். ஆனால் சின்ன பைக்கில் தேறியவர்களுக்குக் கிடைப்பது நடுத்தர லைசென்ஸ்தான். நாற்பத்தேழு குதிரைத்திறனுக்கு மேல் உள்ள வண்டியைத் தொடக் கூடாது.

தபால் எயர்லிஸின் மகன் கெத்தின் தன் சிவப்பு பைக்கை விற்கிறான் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தாள். அவனும் குள்ளம், இருக்கையைத் தாழ்த்தி வைத்திருந்தான். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

"முழு பலம் எழுபது குதிரை. ஆனா நானும் புது லைசென்ஸ்தானே, கம்பெனியிலயே நாற்பத்தேழுக்கு அடக்கித்தான் குடுத்தாங்க. பயப்படாம ஓட்டுங்க" என்றான் கெத்தின்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கூண்டைச் சுற்றி பைக்குகள் வந்து குவியும். எல்லார் கையிலும் பன்றிக்கறி வைத்த ரொட்டி இருக்கும். நெரிஸும் தன் ரொட்டியைக் கடித்துக்கொண்டு பெருமையாக நின்றிருந்தாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த இவான் என்ற இளம் போலீஸ்காரர் அவள் பைக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது உங்க வண்டியா மேடம்?"

"ஏன், கால் எட்டாதுன்னு பாக்கறியா? எட்டும். ஏறிக் காட்டட்டுமா?"

"அதுக்கில்ல. இந்த மாடல் எழுபது குதிரை. லைசென்ஸக் கொஞ்சம் காட்டுங்க." வாங்கிப் பார்த்தார். "நாற்பத்தேழுதான் போட்டிருக்கு. வண்டிய அடக்கி வெச்சதுக்கு அத்தாட்சி இருக்கா?"

"கெத்தின் சொன்னான்."

"கெத்தின் சொன்னது கோர்ட்ல எடுபடாது மேடம்."

சுற்றி நின்றவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? ரொட்டி டாய் கத்தினான்: "அந்தம்மாகிட்ட வம்பு வெச்சுக்காத தம்பி! உன்னையும் ஒரு நாள் அவங்கதான் ஏத்திட்டுப் போகணும்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இவானின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "இன்னிக்கு நான் வழக்குப் போடல. ஆனா நிரூபிக்கிற வரைக்கும் ஓட்டாதீங்க. லைசென்ஸ மீறின வண்டின்னா இன்சூரன்ஸும் செல்லாது. ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

நெரிஸுக்குக் கோபம் வரவில்லை. பைக்கில் போய் முடிந்துபோன பிள்ளைகளை அவளே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். வண்டியை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள்.

அத்தாட்சி கேட்கலாமென்றால், கெத்தினுக்கு வண்டி விற்ற கடையை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். இனி ஒரே வழி, வண்டியின் பலத்தை அளந்து பார்ப்பதுதான். அதற்கான எந்திரம் பக்கத்து ஊரான பில்த்தில் ஷோனெட் என்ற மெக்கானிக்கின் பட்டறையில் இருந்தது. ஓட்டிப்போக முடியாத வண்டியை எப்படிக் கொண்டுபோவது? எம்ரிஸிடம் கறுப்பு வேனைக் கேட்டாள். உடலை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வருகிற வேன் அது.

"யார ஏத்தப் போறோம்?" என்று கேட்டார் எம்ரிஸ்.

"என் பைக்க."

"உயிரோட இருக்கா?"

"அதத்தான் அளக்கப் போறோம்."

எம்ரிஸே கூட வந்தார். பில்த் பாலத்தில் இரண்டு கிழவர்கள் கறுப்பு வேனைப் பார்த்ததும் நின்று, தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தார்கள். பழக்க தோஷத்தில் நெரிஸும் பயபக்தியாகத் தலையசைத்தாள். எம்ரிஸ் டாஷ்போர்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்.

பைக்கை அளக்கப் போகிற செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பட்டறை வாசலில் இவான் சீருடை இல்லாமல், தன் சொந்த பைக்கில் சாய்ந்தபடி காத்திருந்தார்.

"எங்க போனாலும் 'சவவண்டி நெரிஸ ஏன்டா புடிச்ச'ன்னு கேக்கறாங்க மேடம். ரொட்டி வாங்கக்கூட போக முடியல. என்னதான் வருதுன்னு என் கண்ணால பாத்துட்டுப் போறேன்" என்றார்.

ஷோனெட் வேலையில் இறங்கினாள். தரையில் பதித்திருந்த பெரிய உருளையின் மேல் பைக்கின் பின்சக்கரத்தை ஏற்றி, வார்களால் இறுக்கிக் கட்டினாள். ஏறி உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை முறுக்கினாள். தகரக் கூரை அதிர்ந்தது. திரையில் ஒரு கோடு மேலே ஏறிப் பாதியில் படுத்துக்கொண்டது. ஷோனெட் புருவத்தைச் சுருக்கினாள். மறுபடி முறுக்கினாள். கோடு அதே இடத்தில்தான் படுத்தது.

"சக்கரத்துல முப்பத்தொண்ணு. சங்கிலி தின்ன பலத்தச் சேத்தாலும் எஞ்சின்ல முப்பத்திநாலுதான்" என்றாள்.

"கம்மியா இருந்தா சட்டத்துக்குச் சரிதானே?" நெரிஸ் இவானைப் பார்த்தாள்.

"சரிதான். அளவுக்கு மீறியே சரி."

"எனக்குச் சரியில்ல" என்றாள் ஷோனெட். "இன்னும் பதிமூணு குதிரை எங்க போச்சு?"

பெட்ரோல் டாங்கைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் உள்ளே துழாவிவிட்டு நிமிர்ந்தாள். "கம்பெனி போட்ட கட்டு அப்படியே இருக்கு. அதுக்கு மேல யாரோ ஒரு பித்தளைத் துண்ட வெச்சிருக்காங்க. ஆக்சிலரேட்டர் முழுசாத் திரும்பாம தடுக்குது."

நெரிஸ் அங்கேயே கெத்தினுக்குப் போன் போட்டாள். அவன் அப்படி எதுவுமே தெரியாது என்று சத்தியம் செய்தான். பிறகு அவன் குரல் தள்ளிப்போனது. "அம்மா! பைக்குல யாராச்சும் கை வெச்சாங்களா?"

எயர்லிஸ் போனை வாங்கினாள். "ஆமா, நான்தான் மெக்கானிக்கிட்ட சொல்லி வெக்கச் சொன்னேன். ஒரே புள்ள எனக்கு. என்ன இப்போ?"

பின்னாலிருந்து கெத்தின் அலறினான்: "அதான் ஏத்தத்துல டிராக்டர்காரன் என்னத் தாண்டிப் போனானா! எல்லார் முன்னாடியும் மானம் போச்சும்மா!"

"உசிர் போகலல்ல? வாய மூடு. நெரிஸ், அத நீ கழட்டாத, கேட்டியா?"

"எயர்லிஸ், எனக்கு அம்பத்தொரு வயசு" என்று சொல்லிவிட்டு நெரிஸ் போனை வைத்தாள்.

ஷோனெட் பித்தளைத் துண்டைக் கழற்றி மேசைமேல் போட்டாள். மீண்டும் எஞ்சின் உறுமியது. கோடு ஏறியது. முன்பு படுத்த இடத்தைத் தாண்டி இன்னும் மேலே போயிற்று. நெரிஸ் எம்ரிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோடு நாற்பத்தேழை மீறிப்போனால் கதை முடிந்தது. அது மெல்ல வளைந்து நின்றது.

"சக்கரத்துல நாற்பத்திரண்டு. எஞ்சின்ல நாற்பத்தாறு" என்றாள் ஷோனெட்.

எம்ரிஸ், சாவு வீட்டு முகத்தைத் தவிர வேறு முகம் ஊருக்குக் காட்டாத மனிதர், விசில் அடித்தார். ஷோனெட் கோட்டைத் தாளில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டாள். இவான் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் குதிகாலைச் சேர்த்து நெரிஸுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"பலம் அதிகமான்னு பாக்க வந்தேன். கூடக் குடுத்து அனுப்பறீங்க" என்றாள் நெரிஸ். "தம்பி, அபரிஸ்ட்வித் வரைக்கும் வரியா? கடல் பாத்துட்டு வரலாம்."

எம்ரிஸ் வெறும் வேனோடு திரும்பிப் போனார். மலைப்பாதையில் முதல் ஏற்றம் வந்தபோது நெரிஸ் ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகினாள். வண்டி அவளை முன்னால் இழுத்துக்கொண்டு ஓடியது. தலைக்கவசத்துக்குள் தன் குரலையே கேட்டாள். அது பாட்டா கூச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை. செம்மறிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து இருவரும் வறுத்த மீன் தின்றார்கள். லேசாகத் தூறல் விழுந்தது.

"மழை பலமா வரும்போல மேடம். குறுக்கு வழியிலயே திரும்பிடலாமா?" என்றார் இவான்.

நெரிஸ் விரலில் ஒட்டிய உப்பை நக்கிவிட்டுக் கையுறையை மாட்டினாள்.

"நீ வேணா போ தம்பி. நான் சுத்து வழியிலதான் போறேன்."