கறையில்லாத தாள்

இராஜபாளையத்தில் நான் நடத்திய டீசல் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றி மாட்டிய வண்டி எதுவும் அன்றே வெளியே போகாது. ஆயில் நிரப்பி, சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தி, அன்றைய செய்தித்தாளை அடியில் விரித்துவிட்டுப் பூட்டுவோம். காலையில் தாளில் ஒரு சொட்டும் இல்லையென்றால், ஓரத்தில் ‘கறையில்லை’ என்று எழுதிக் கையொப்பமிடுவேன். சாவியோடு அந்தத் தாளும் உரிமையாளரிடம் போகும். பொறியியல் படித்தவன் பட்டறை வைத்ததை என் குடும்பத்தில் எவரும் மதிக்கவில்லை. ஊரில் எனக்கிருந்த மதிப்பெல்லாம் அந்தக் கையொப்பம் ஈட்டியது.

என் தொழில் கூட்டாளி செட்டியார்பட்டிக்காரன். பள்ளியோடு நின்றவன், கைவேலையில் என்னைவிடத் தேர்ந்தவன். பதினோர் ஆண்டுகள் ஒரே தூக்குச்சட்டியில் பகல் உணவு உண்டோம்.

எண்பதுகளின் இறுதியில் திருவில்லிபுத்தூர் அரிசி வியாபாரி ஒருவரின் ஜீப் எங்களிடம் வந்தது. செண்பகத்தோப்பில் அவருக்கு மாந்தோப்பு. போகும் வழியில் கல் தட்டிச் சம்ப் பிளந்திருந்தது. மிகப் பழைய இன்ஜின். அதற்குரிய சம்ப் கிடைக்காமல், பிந்திய மாடலிலிருந்து கழற்றிய ஒன்றை மதுரைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினோம். போல்ட் துளைகள் யாவும் பொருந்தின. முன்பக்க வளைவு மட்டும் சற்று ஆழம். ஆயில் கசியாமல் அடைக்கும், பழைய இன்ஜினின் மெல்லிய ரப்பர்ப் பட்டையை வைத்தால் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. பிந்திய மாடலின் தடித்த பட்டை வந்தாக வேண்டும்.

“மதுரைக்குச் சொல்லிவிட்டிருக்கேன். பட்டை வாரவரைக்கும் வண்டியைத் தொடாத” என்றேன் கூட்டாளியிடம்.

“இடைவெளிய அடைக்க ஒட்டுப் பேஸ்ட்டை நல்லா அப்புனாப் போதும்ணே. அடியில படுத்து யாரு பாக்கா?”

“தாள் பாக்கும்.”

சிரித்தான். “சரிண்ணே, ஒங்க தாளு சொன்னாச் சரிதான்.”

வெள்ளிக்கிழமை நான் சேத்தூரில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை வந்தபோது சம்ப் மாட்டப்பட்டிருந்தது. பட்டை பஸ்ஸில் வந்துவிட்டதென்றும், மாலையே மாட்டித் தாளும் விரித்துவிட்டதாகவும் சொன்னான். சுத்தமான தாளை எடுத்து நீட்டினான். கையொப்பமிட்டேன்.

புதன்கிழமை வியாபாரி பேருந்தில் வந்து இறங்கினார். தோப்புக்கு ஏறும் வழியில் ஆயில் முழுதும் வடிந்து, இன்ஜின் இறுகி, ஜீப் வனத்துறைச் சாவடியருகே நின்றுவிட்டிருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. தாளை என் மேசையில் விரித்தார்.

“வெள்ளிக்கெழம ராத்திரி பூரா வண்டிக்கு அடியில கெடந்த தாளுன்னு குடுத்திய சார். இதுல சனிக்கெழமைன்னு போட்டிருக்கு. மறுநாள் பேப்பர முந்துன நாளே ஒங்களுக்கு மட்டும் அச்சடிக்காவளா?”

கிழமை அச்சாகியிருந்த இடத்துக்கும் என் கையொப்பத்துக்கும் ஒரு விரற்கடை இடைவெளிதான்.

கூட்டாளியைப் பார்த்தேன். பஞ்சுக் கழிவில் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

“கவனிக்காதது என் தப்பு. இன்ஜினை நானே பிரிச்சுச் சரிபண்ணித் தாரேன்” என்றேன்.

ஜீப் வந்ததும் சம்ப்பை இறக்கினேன். அதே மெல்லிய பட்டை. அதன்மேல் விரல் தடிமனுக்குப் பேஸ்ட். அதில் பாதி பெயர்ந்து உள்ளே விழுந்து கிடந்தது.

“யாவாரி அவசரப்படுத்துனாவ. ராத்திரியில ரெண்டு சொட்டுதாம்ணே விழுந்துச்சு, காஞ்சா நின்னுரும்னு நெனச்சு வேற தாள வச்சேன்” என்றான்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னாக் கையெழுத்துப் போட்டிருப்பியளா?”

போட்டிருக்க மாட்டேன். அதை நன்கறிந்தவன் அவன் ஒருவனே. அறிந்ததனால்தான் அவனால் அதைச் செய்ய முடிந்தது.

தவறு என்னுடையது என்றே திருவில்லிபுத்தூரில் பேசினார்கள். அப்படிச் சொன்னவன் நானே. மறுத்துப் பேச அவனுக்குப் போதிய காலம் இருந்தது. அடுத்த ஆண்டு பிரிந்துபோய்த் திருவில்லிபுத்தூரிலேயே தனிப் பட்டறை வைத்தான். அங்கும் வண்டிக்கு அடியில் தாள் விரிக்கிறார்களாம். காலையில் அவனே கையொப்பமிடுகிறானாம்.